நெருப்புப் பூதத்தின் இடது தோள்

ரொறொன்ரோ விமான நிலையத்தில் என் பெட்டியின் மூடியைத் தூக்கிய சுங்க அதிகாரி சட்டென்று கையை எடுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே முகமூடி கிடந்தது. செம்பு நிறத் தோல், நெற்றியிலிருந்து எழும் ஏழு தீநாக்குகள், கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள்.

"இது என்ன?"

என் ஆங்கிலம் பாரிஸில் பொறுக்கிய ஆங்கிலம், அவசரத்துக்கு உதவாது. "பிசாசு," என்றேன். அவருடைய புருவம் உயர்ந்ததைப் பார்த்து, "அரசன். பிசாசு வேடம் போட்ட அரசன்," என்று திருத்தினேன்.

அவர் சிரித்துவிட்டார். பக்கத்து மேசைப் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். முகமூடிக்கு அடியில் இருந்த மேலங்கியில் பட்டினால் வெட்டிய தீச்சுவாலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. "எல்லாம் உங்கள் கைத்தையலா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆம் என்றேன். ஹாலோவீனுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, மார்ச் மாதத்திலேயே பேய் வேடத்தோடு வருகிறீர்களே என்று பகிடி விட்டாள். மூவரும் சிரித்தோம். அந்த ஐந்து நாளில் நான் பிறரோடு சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

நான் பாரிஸில் நாடக உடை தைக்கும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். ரொறொன்ரோவில் என் தங்கை வசந்தியின் ஒரே மகன் பிரணவன் ஒரு சிறிய குழுவில் ஆடுகிறான். நானூறு வருடத்துக்கு முந்திய பிரெஞ்சு அரசவை பாலே ஒன்றை அவர்கள் ஒரே ஒரு தடவை, ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேடையேற்றப் போகிறார்கள். அதில் அரசனுடைய வேடம் அவனுக்கு. உடையைத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டு அளவுகளையும் அனுப்பியிருந்தான். பார்சலில் போட்டால் சுவாலைகள் நசுங்கும், நானே கொண்டுபோகிறேன் என்று பட்டறையில் விடுப்பு எடுத்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, தாயும் மகனும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

பிரணவன் பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு ஆடப் போனவன். தகப்பன் சிவநேசன் ஒன்றும் சொல்லவில்லை. பகலில் ஒரு வேலையும் மாலையில் ஒரு வேலையுமாக ஓடிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் வேலைத்தளத்து வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள்ளேயே மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டை நான் பாரிஸிலிருந்து கைபேசியில் நேரலையாகத்தான் பார்த்தேன். பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற வசந்தி மகனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலால் போனான். படத்தில் சத்தம் தெளிவில்லை. பிறகுதான் அறிந்தேன், "உன்ர கூத்துத்தான் அந்த மனுசனைக் கொண்டது," என்று சொல்லியிருக்கிறாள். தகனசாலையில் பொத்தானை அமுக்க மகன் இல்லை. மகன் முறையான யாரோ ஒரு பெறாமகன் அமுக்கினான்.

புதன்கிழமை வசந்தி என்னை ஏற்ற வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அவளுடைய வீடு இருக்கும் விட்பி வரைக்கும் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம். பாரிஸில் இவ்வளவு நேரம் வாகனம் ஓடினால் வேறு மாகாணத்துக்குப் போய்விடலாம், இங்கே வீட்டுக்கு வருகிறோம் என்று சொன்னேன். "இதெல்லாம் எங்களுக்கு ஒரு தூரமே அக்கா?" என்றாள். இருபுறமும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், கரையில் ஒதுக்கிய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. அவளுடைய வீட்டில் மூன்று அறைகள் கதவு சாத்தியபடி இருந்தன. ஒன்றில் எனக்குப் படுக்கை போட்டிருந்தாள். பிரணவன் இருந்த பக்கத்து அறையைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கணவாய்க் கறியும் வைத்தாள். என் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சுற்றி நடந்தாளே தவிர ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழன் காலை நான் கீழே இறங்கியபோது அவள் வேலைக்குப் போக உடுத்தபடி அடுப்படியில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிக்கரிங்கில் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. திரையில் ஒருவன் தாவிச் சுழன்றான். சத்தத்தை முழுதாக நிறுத்தியிருந்தாள். என்னைக் கண்டதும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடவோ?" என்று கேட்டாள்.

அன்று நான் தனியே நகருக்குப் போனேன். புறநகர் ரயில் ஏரிக்கரையோரமாக ஓடியது. பாரிஸ் ரயிலில் எல்லோரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருப்போம், இங்கே எல்லோரும் நித்திரை. இறங்கியபின் எதிர்த்திசை ஸ்ட்ரீட் காரில் ஏறிவிட்டேன். பெட்டியும் நானுமாகக் கடைசித் தரிப்பிடம் வரை போய், சாரதி வந்து "அம்மா, இதற்கு மேல் தண்டவாளம் இல்லை," என்று மரியாதையாகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவரே என்னை மறுபக்கம் அழைத்துப்போய் நிறுத்திவிட்டுப் போனார்.

ஒத்திகை ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறையில் நடந்தது. குழுவை நடத்துபவள் எலென், மொன்றியலில் பிறந்தவள், அறுபது வயதிருக்கும். அவள் வாய் திறந்தபோது நான் திகைத்தேன். பிரெஞ்சுதான், ஆனால் மன்னாரில் பேசுகிற தமிழைச் சென்னைக்காரர் கேட்டால் எப்படியிருக்கும், அப்படி. இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டு, திருப்பிச் சொல்லச் சொன்னேன். "பாரிஸ்காரர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள்," என்றாள். அவள் என்னைப் பாரிஸ்காரி என்றது எனக்குப் புதினமாக இருந்தது.

இந்த அரசவை பாலே என்பது இன்றைக்கு நாம் பாலே என்று நினைக்கிற, நுனிக்காலில் நிற்கும் ஆட்டம் அல்ல என்று எலென் விளக்கினாள். அரசனும் பிரபுக்களுமே ஆடுவார்கள். பாடல், கவிதை, ஆட்டம், திரும்புகிற காட்சித்திரைகள் எல்லாம் கலந்தது. ஆடுகிறவர்கள் தொகுதி தொகுதியாக வருவார்கள், எல்லோருக்கும் முகமூடி. ஒரு வீரனை மாயக்காரி ஒருத்தி தன் தோட்டத்தில் சிறை வைத்திருக்கிறாள், பூதங்கள் காவல், கடைசியில் அவன் விடுபடுகிறான். அவ்வளவுதான் கதை. முடிவில் பெரிய ஆட்டம் ஒன்று நடக்கும். அதில் எல்லோரும் தரையில் கோலம் போலக் கோடும் வட்டமுமாக நகர்வார்கள். அது முடிந்ததும் முகமூடிகளைக் கழற்றுவார்கள்.

"அந்தக் காலத்தில் எந்தக் காலை எங்கே வைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை," என்றாள் எலென். "இசையில் கொஞ்சம் கிடைத்தது, கவிதை கிடைத்தது, படங்கள் கிடைத்தன. அடிகள் மட்டும் போய்விட்டன. பழைய விருந்து நடனங்களைப் பார்த்து நாங்களாக இட்டு நிரப்பியிருக்கிறோம்."

பிரணவன் மூலையில் நின்று கால்களை நீட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வந்து கட்டிப்பிடித்தான். இருபத்தொன்பது வயது, தகப்பனின் நெற்றி.

"பெரியம்மா, யூ லுக் டயர்ட். சாப்பிட்டீங்களா?"

அவனுக்கு உடையை அணிவித்துப் பார்த்தேன். சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது காறை எலும்பு முறிந்தவன் அவன். அது பொருந்தியபோது தோள் ஒரு விரல் கீழே இறங்கிவிட்டது. சட்டை போட்டால் தெரியாது. மேடையில், நெருப்புச் சுவாலைகள் தோளிலிருந்து தொங்கும்போது, நன்றாகவே தெரியும். அதனால் இடது தோளுக்குள் மட்டும் மூன்று மடிப்புக் கம்பளித் துணி வைத்துத் தைத்திருந்தேன். போட்டதும் இரண்டு தோளும் நேராக வந்தன. கண்ணாடியில் பார்த்துவிட்டு அவன் தன் இடது தோளைத் தொட்டான்.

"ஹவ் டிட் யூ நோ?"

"உனக்கு ஆறு வயசில கட்டுப் போட்டிருக்கேக்க நான் வந்து நிண்டனான்."

கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினான். அக்குளில் இழுத்தது. அதை வெள்ளிக்கிழமை சரிசெய்து தருகிறேன் என்றேன்.

பிறகு தெருமுனையில் வியட்நாம் கடையொன்றில் சூப் குடித்தோம். கிண்ணம் முகத்தளவு இருந்தது. அப்போதுதான் அவன் அந்த உண்மையான அரசனைப் பற்றிச் சொன்னான். அரசனுக்குப் பதினைந்து பதினாறு வயது. ஆட்சியெல்லாம் தாயின் கையில், தாய் வேறொருவன் சொல்லைக் கேட்டு நடக்கிறாள். மகன் நெருப்புப் பூதமாக ஆடுவதைத் தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களில் அந்த மனிதனைக் கொல்லச் செய்து, தாயை அரண்மனையை விட்டே அனுப்பிவிட்டான்.

"அவவுக்கு ஆட்டத்தில ஒண்டும் விளங்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"மாஸ்க் போட்டிருந்தா என்ன விளங்கும் பெரியம்மா?" என்றான் சூப்பைக் கலக்கியபடி.

அம்மா உன் ஆட்டத்தைச் சத்தமில்லாமல் கைபேசியில் பார்க்கிறாள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவன் நேரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வசந்திக்கு வேலையில்லை. மரக்கறி வாங்கத் தமிழ்க் கடைகள் உள்ள மில்லிக்கனுக்குப் போவோம் என்று காரில் ஏற்றினாள். ஒரே பிளாசாவில் நகைக்கடை, பல் வைத்தியர், வரிக் கணக்கு எழுதுபவர், சாப்பாட்டுக்கடை எல்லாம் வரிசையாக இருந்தன. பாரிஸில் எங்கள் தெருவிலும் இதெல்லாம் உண்டு. அங்கே தமிழ்க் கடைகளுக்கு நடந்து போகலாம். இங்கே காரை விட இடம் தேடுவதுதான் பெரிய வேலை.

காரை நிறுத்திவிட்டு அவள் இறங்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"அக்கா, அந்த ஆட்டத்துக்கு ஆர் வேணுமெண்டாலும் போகலாமோ?"

"ஓம். எனக்கு ரெண்டு டிக்கெட் தந்தவங்கள்."

"நான் அவனோட கதைக்கப் போறேல்ல. பின்னுக்கு இருந்து பாத்திட்டு வாறன்."

"கதைச்சா என்ன?"

"என்னத்தைக் கதைக்கிறது? சொன்னதைத் திருப்பி எடுக்கேலுமோ?" ஸ்டியரிங்கை விடாமல், "எடுக்கேலுமெண்டா நான் முழங்காலில நிண்டெண்டாலும் எடுப்பன்," என்றாள். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் தள்ளுவண்டியோடு போனதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தக் கதையைக் கேட்டாள். பூதங்கள், தோட்டம், கடைசியில் முகமூடி கழற்றுவது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ராசான்ர தாயும் பாத்தவவோ?"

"ஓம். இருந்து பாத்தவ."

"பிறகு?"

"பிறகென்ன. சந்தோசம்தான்," என்றேன்.

சாப்பாட்டுக்கடையில் முப்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ் சனிக்கிழமை காலைக்கு ஓடர் கொடுத்தாள். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "ஆடுற பிள்ளையள் பசியோட நிப்பினம்," என்றாள். நேற்று வரைக்கும் கூத்து என்று சொன்னவள்.

அன்று பின்னேரம் நான் திரும்ப ஒத்திகைக்குப் போய் அக்குள் தையலைப் பிரித்துத் தைத்தேன். பிரணவன் என் முன்னே கையைத் தூக்கியபடி நின்றான். வாயில் குண்டூசிகளோடு யோசித்தேன். சொல்லாமல் விட்டால், முகமூடியைக் கழற்றும் நேரத்தில் தாயைக் கண்டு அவன் அதிர்ந்து போவான். அது அவனுக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"நாளைக்கு அம்மாவும் வாறா."

அவனுடைய விலா எலும்புகள் என் விரல்களுக்குக் கீழே ஒருமுறை நின்று, பிறகு மூச்சு வந்தது.

"எந்த சீட்?"

"நடுவில, அஞ்சாவது வரிசை."

"ஓகே," என்றான். பிறகு, "சரி பெரியம்மா," என்று தமிழிலும் சொன்னான். கையை இறக்கவே இல்லை, நான் தைத்து முடிக்கும்வரை தூக்கியபடியே நின்றான். அந்தப் பொறுமையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் எத்தனை உடம்புகளுக்கு அளவு எடுத்திருக்கிறேன், அந்த உடம்பு சொன்னதைக் கேட்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை வசந்தி நாவல் நிறச் சேலை உடுத்து, அதற்கு மேல் பெரிய குளிர்ச் சட்டை போட்டு, காலில் பனிச் சப்பாத்தோடு வந்தாள். நகரத்துக்குள் கார் ஓட அவளுக்குப் பயம். ரயில் எடுத்தோம். மடியில் ரோல்ஸ் பெட்டி, அதன் சூடு சேலையில் ஊறியது.

பிக்கரிங் தாண்டியதும் ரயில் நின்றது. சமிக்ஞைக் கோளாறு என்று ஒலிபெருக்கி சொன்னது. பத்து நிமிடம், இருபது நிமிடம். வெளியே ஏரி ஈயம் போலக் கிடந்தது. வசந்தி எழுந்து நின்றாள், இருந்தாள், மறுபடி நின்றாள். எதிரே காவலாளிச் சீருடையில் இருந்த ஒரு தமிழ் மனிதர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அவசரமோ அன்ரி? ஆஸ்பத்திரிக்கோ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. மகன்ர டான்ஸ் ரெண்டு மணிக்குத் துவங்குது."

"பரதமோ?"

"இல்லை. பிரெஞ்சு ராசாக்கள் ஆடின கூத்து. மகன்தான் ராசா."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூத்து என்ற அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தைப் பிரணவன் கேட்டிருக்க வேண்டும். அந்த மனிதர் தலையாட்டி, "நல்ல விசயம் அன்ரி. என்ர மகள் லோயருக்குப் படிச்சுப்போட்டு வீட்டில இருக்கிறாள்," என்றார். ரயில் நகர்ந்தபோது மணி ஒன்றே கால்.

நாங்கள் அரங்கின் வாசலுக்கு ஓடி வந்தபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. எங்கள் இருக்கைகளுக்குப் போக விடவில்லை. கதவோரம் கடைசி வரிசையில் இருத்தினார்கள். அரங்கம் சின்னது, பாதிதான் நிறைந்திருந்தது. முன்னால் ஐந்தாவது வரிசையில் எங்கள் இரண்டு இடங்களும் வெறுமையாக இருந்தன.

வீணையைப் போலத் தோன்றிய நீண்ட கழுத்து வாத்தியம் ஒன்றும் நான்கைந்து வயலின்களும் ஒலித்தன. மலையாக இருந்த காட்சித்திரை திரும்பித் தோட்டமாகியது. பூதங்கள் வந்தன. காற்றுப் பூதம், நீர்ப் பூதம். பிறகு வெளிச்சம் சிவந்தது.

நெருப்புப் பூதம் வந்தது.

வசந்தி என் கையைப் பிடித்தாள். நான் தைத்த சுவாலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசைந்தன. அது தாவியது, நின்றது, ஒரு காலில் மெதுவாகத் திரும்பியது. நன்றாக ஆடியது. "அக்கா, அவர் நடக்கிற மாதிரியே நடக்கிறான். பாருங்கோ, தகப்பன்ர நடை," என்றாள் என் காதுக்குள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அதைத் துடைக்கக்கூட அவள் என் கையை விடவில்லை.

நான் உடையைத்தான் பார்த்தேன். அது என் தொழில். இடது தோள் வலதை விட ஒரு விரல் உயர்ந்து நின்றது.

மடிப்பு நழுவியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். நழுவ வழியில்லை, நானே நாலு பக்கமும் அடித்த தையல். பூதம் முதுகைக் காட்டித் திரும்பியபோது நடுத் தையலைப் பார்த்தேன். இடுப்பில் துணி தளர்ந்து மடிந்தது. முன்கை நீளம் போதாமல் மணிக்கட்டுத் தெரிந்தது. உள்ளே நேரான இரண்டு தோள்கள் உள்ள, கொஞ்சம் உயரமான, கொஞ்சம் மெலிந்த யாரோ இருந்தார்கள்.

என் தங்கை அந்த யாரோ ஒருவனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அவ்வளவு நேரமும் எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியாது. மாயக்காரி பாடினாள். படைவீரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நெருப்பு வரும்போது வசந்தியின் விரல்கள் என் விரல்களில் இறுகின. "மெலிஞ்சு போனான்," என்றாள். "சாப்பிடுறேல்லப் போல." இன்னொரு தடவை, "நான் ஒரு விசரி அக்கா. இதையோ கூத்தெண்டு பேசினனான்," என்றாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரிய ஆட்டம் தொடங்கியது. பன்னிரண்டு பேரும் தரையில் வட்டமும் நட்சத்திரமுமாக விரிந்து சுருங்கினார்கள். இது முடிந்தால் முகமூடி. நான் அவள் காதருகே குனிந்தேன்.

"வசந்தி, வா, இப்ப போவம். ரெயினை விட்டா அடுத்தது ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான்."

"உங்களுக்கென்ன விசரே? முகத்தைப் பாக்கவேணும்."

"பேந்து பாக்கலாம்."

"நாலு வருசம் அக்கா," என்றாள். கையை உருவிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

வாத்தியங்கள் ஓய்ந்தன. பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று இரண்டு கையாலும் முகமூடிகளைத் தூக்கினார்கள். நடுவில், தீநாக்குகளுக்குக் கீழிருந்து, வியர்வையில் நனைந்த ஒரு கொரிய இளைஞனின் முகம் வந்தது. சிரித்த முகம். மக்கள் கைதட்டினார்கள்.

வசந்தியும் இரண்டு தரம் கைதட்டிவிட்டாள், பிறகுதான் நிறுத்தினாள். அவள் இடப்பக்க முகத்திலிருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டையும் பார்த்தாள். பிறகு வலப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தாள்.

"அக்கா, பிரணா எங்க?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

எலென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். காலை பதினொரு மணிக்கு அவன் தொலைபேசி எடுத்து, ஆட முடியாது, மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னானாம். மாற்று ஆட்டக்காரன், ஜூன் என்ற அந்தக் கொரியப் பையன், மூன்று மணித்தியாலத்தில் தயாரானானாம். "உங்களுக்குச் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்," என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வசனத்தையும் சொல்லும்போதும் வசந்தி, "ஓம்... ஓம்," என்று தலையாட்டினாள், வைத்தியர் மருந்து சொல்வதைக் கேட்பது போல.

பிறகு ரோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். ஆடியவர்கள் பசியோடுதான் இருந்தார்கள். வியர்வையோடு வந்து ஆளுக்கு இரண்டாக எடுத்தார்கள். நெருப்புச் சுவாலைகளோடு ஜூன் வந்தபோது அவனுக்குத் தானே எடுத்துக் கொடுத்தாள். "வெரி நைஸ் டான்ஸ்," என்றாள். "யுவர் மதர் கம்?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். தாய் கல்கரியில் இருக்கிறார், தான் ஆடி இதுவரை பார்த்ததில்லை என்றான். வசந்தி அவனுடைய இடது தோளில் இரண்டு தரம் தட்டினாள், என் மடிப்புத் துணியின் மேல்.

வெளியே வந்ததும், "ஆர் பெத்த பிள்ளையோ. நல்லா ஆடினான்," என்றாள்.

ஸ்ட்ரீட் கார் வர நேரமாகியது. காலுக்குக் கீழே பனிச்சேறு. எதிர்ப்பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை, கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்து கிடந்தது. போய்ச் சூடாக ஏதாவது குடிப்போமா என்று கேட்டேன். வேண்டாம், கார் வந்துவிடும் என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. துடைத்த பீங்கான் மாதிரி இருந்தாள். அவள் வருவதை நான்தான் அவனிடம் சொன்னேன் என்று அங்கே நின்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிறு காலை அவள் வீட்டைத் தூசி உறிஞ்சினாள். சாத்தியிருந்த அந்த அறையையும் திறந்து உறிஞ்சிவிட்டுச் சாத்தினாள். மத்தியானம் விமான நிலையத்துக்கு ஓடினோம். பெட்டியை இறக்கித் தந்துவிட்டு என் கோட்டுக் கழுத்தைச் சரிசெய்தாள்.

"அக்கா, நான் அழுதனான் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"ஏன்டி?"

"அவன் வரேல்ல. அவனுக்கு நான் வேண்டாம். அழுதனான் எண்டு தெரிஞ்சா பாவம் பாத்து வருவான். எனக்கு அப்பிடி வேண்டாம். சத்தியமாச் சொல்லமாட்டியளே?"

சத்தியம் செய்தேன். வெள்ளிக்கிழமை வாய் திறந்து செய்த நாசத்துக்குப் பிறகு, அவள் கேட்ட எதற்கும் சத்தியம் செய்திருப்பேன்.

விமானத்துக்கு வரிசையில் நின்றபோது பிரணவன் கைபேசியில் அழைத்தான். நேற்றிலிருந்து ஏழெட்டுத் தரம் நான் அழைத்தும் எடுக்காதவன்.

"ஸொரி பெரியம்மா. உங்கட கொஸ்ட்யூம்..."

"உடுப்பை விடு. ஏன்டா வரேல்ல?"

"மாஸ்க் போட்டுக்கொண்டு ஆடுவன். ஐ குட் டூ தட். அதைக் கழட்டிப்போட்டு அம்மாவைப் பாக்கேலாது." என்றான். பிறகு, "நான் போனனான். எதிர்ப்பக்கத்துக் கோப்பிக் கடையில இருந்தனான். நீங்க ரெண்டு பேரும் ஓடி வந்து உள்ளுக்குப் போனதைப் பாத்தனான். பேந்து ஸ்ட்ரீட் காருக்கு நிண்டதையும் பாத்தனான். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தனான். அம்மா சும்மா நிண்டவ. ஷீ லுக்ட் ஃபைன்."

எனக்கு முன்னால் நின்றவர்கள் நகர்ந்தார்கள். பின்னால் நின்ற ஒருவர் என்னைப் போகச் சொன்னார்.

"பெரியம்மா, ஒண்டு கேக்கட்டா? உள்ளுக்கு இருக்கேக்க... அம்மா அழுதவவா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அழைத்திருக்கிறான் என்று தெரிந்தது. சத்தியம் செய்து மூன்று மணித்தியாலம் கூட ஆகவில்லை.

"இல்லை," என்றேன். "அழேல்ல."

மறுமுனையில் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. பிறகு அவன், "ஐ தோட் ஸோ," என்றான். தொடர்பு அறுந்தது.

நான் கடவுச்சீட்டைக் காட்டி, குழாய்ப் பாதையால் நடந்து, என் இருக்கையில் அமர்ந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அவனுடைய இலக்கத்தை அழுத்தினேன். எடுக்கவில்லை. பணிப்பெண் இரண்டு தரம் வந்து கைபேசியை நிறுத்தச் சொன்னாள். இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம் என்று பிரெஞ்சில் அவளிடம் கெஞ்சினேன். கதவு சாத்தும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன். அவன் எடுக்கவில்லை.